உள்ளே இருக்கிறாள்

அத்தியாயம் பதினான்கு

அந்த வீட்டில் ‘உள்ளே’ என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். கல்லூரி விட்டு வந்த மகள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு புத்தகத்தோடு உட்கார்ந்தால் அவள் உள்ளே இருக்கிறாள். சாப்பிடக் கூப்பிடும்போது எழுந்து வந்தால் வெளியே வந்துவிட்டாள். மாடியில் குடியிருப்பவர், எதிர்வீட்டு அம்மாள், செய்தித்தாளுக்குப் பணம் வாங்க வருகிறவர் எல்லோருக்கும் இது பழகிப்போயிருந்தது. “உள்ள இருக்காளா?” என்று கேட்டுவிட்டு, செருப்புச் சத்தம்கூட வராமல் படியிறங்கிப் போய்விடுவார்கள்.

பழகாத ஒருவரிடம் இந்தச் சொல்லைச் சொன்னால் என்ன ஆகும் என்று மட்டும் யாரும் யோசித்ததில்லை.

சென்ற வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வருவோம்.

அப்பா, சட்டை தைக்கும் தொழிற்சாலையில் நேரம் எடுக்கிறவர். ஒரு காலர் தைக்க எவ்வளவு நேரம், ஒரு பொத்தான் வைக்க எவ்வளவு நேரம் என்று ஒவ்வொரு மெஷினாக நின்று அளப்பதுதான் வேலை. கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். தையல் பெண்கள் அவருக்கு ‘முள்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கடிகார முள்ளா, காலில் குத்துகிற முள்ளா என்று அவர் விசாரித்ததில்லை.

மகளைக் கல்லூரியில் சேர்த்த அன்று முதல்வர் மேடையேறி, “வகுப்பில் ஒரு மணி நேரம் என்றால் வீட்டில் இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும்” என்றார். மற்ற பெற்றோர்கள் கைதட்டிவிட்டு வாசலைத் தாண்டியதும் மறந்தார்கள். அப்பா மறக்கவில்லை. படிப்பைப் பற்றி அவருடைய பாஷையில் ஒருவர் பேசியது அதுதான் முதல் தடவை. திரும்பி வரும் பஸ்ஸிலேயே பெருக்கிப் பார்த்தார். வந்த விடை ஒரு நாளுக்குள் அடங்காததால், பெரிய மனது பண்ணி மாலை ஐந்திலிருந்து எட்டு வரை என்று குறைத்துக்கொண்டார்.

முதல் பருவத் தேர்வு முடிவு வந்தது. மகள் எல்லாவற்றிலும் தேறியிருந்தாள், வேதியியல் செய்முறையைத் தவிர. எட்டு மணி ஒன்பது மணி ஆயிற்று.

மகள் உள்ளே இருக்கும்போது தொலைக்காட்சி வாய் திறக்காது. கரண்டி பாத்திரத்தில் படாது. மகளின் போன், அணைத்து வைத்த நிலையில், ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும். அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டால் காதும் காதும் வைத்தாற்போல்தான். இதில் அம்மாவின் பாடுதான் வேடிக்கை. அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். பகலெல்லாம் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசிவிட்டு வந்து, சாயந்திரமானால் கிசுகிசுப்பாள்.

மகள் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு ஒரு வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில், மாலை நேரத்து உதவியாளர் வேலை. தன் போன் ஃப்ரிட்ஜ் மேல் தூங்கும் என்பதால் அம்மாவின் எண்ணையும் கொடுத்திருந்தாள்.

நேற்று மாலை அந்த எண்ணுக்குத்தான் அழைப்பு வந்தது. அப்பா கூடத்தில் இருந்தார். அம்மா போனை எடுத்துக்கொண்டு சமையலறை மூலைக்கு ஓடினாள்.

“பரிசோதனைக் கூடத்துலருந்து பேசறேன். பொண்ணு இருக்காங்களா?”

“உள்ள இருக்கா மேடம்” என்றாள் அம்மா, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு.

“உள்ளன்னா?”

“உள்ளதாங்க. அவங்க அப்பாதான் போட்டாரு.”

எதிர்முனை கொஞ்சம் தயங்கியது. “பெத்த அப்பாவேவா?”

“அவருக்கு மட்டும் ஆசையா மேடம். வேற வழி தெரியல அவருக்கு.”

“எவ்வளவு நாளா இப்படி?”

“முன்ன கம்மியாத்தான் இருந்துச்சு. ஒண்ணுல மாட்டிக்கிட்டா. அதுக்கப்புறம் கூட்டிட்டாங்க.”

“எதுல மாட்டினாங்க?”

“கெமிக்கல்ல.”

“அடப் பாவமே. நான் அவங்ககிட்ட ஒரு நிமிஷம் பேச முடியுமா?”

“உள்ள போன் விடறதில்லைங்க. சாப்பாட்டு நேரத்துலதான் கதவைத் திறப்பாங்க.”

அந்தப் பெண்மணி பெருமூச்சு விட்டு வைத்துவிட்டார். நல்ல மனுஷி, இந்தக் காலத்தில் இப்படி அக்கறையாக யார் விசாரிக்கிறார்கள் என்று நினைத்தபடி அம்மா அடுப்பைப் பார்க்கப் போனாள்.

வாசகர்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். அந்த வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை.

*

காலையில் மகள் போனைத் திறந்தபோது ஒரு செய்தி வந்திருந்தது. அப்பா குளியலறையில் இருந்தார். அம்மாவிடம் காட்டினாள்.

‘உங்கள் தாயாருடன் பேசினேன். நிலைமை புரிகிறது. மனம் தளர வேண்டாம். வெளியே வந்த பின் நேரில் பார்க்கவும்.’

“எதுக்கும்மா மனம் தளரணும்?”

“செய்முறையில போனதைச் சொன்னேன்ல. அதுக்கு ஆறுதல் சொல்றாங்க.”

“அதையும் சொல்லிட்டியா?”

“கேட்டாங்க, சொன்னேன். நல்ல மாதிரியா இருக்காங்க. வெளிய வந்ததும் பாருன்னுதானே போட்டிருக்காங்க. இன்னிக்கே போய்ப் பாத்துடு.”

மதியம் வகுப்பு முடிந்ததும் மகள் போனாள். சாப்பிடவில்லை. சட்டைப் பையில் பேனாவை இரண்டு தடவை சரி செய்துகொண்டாள்.

பரிசோதனைக் கூடம் வெளியிலிருந்து பார்த்தால் பழைய பல் மருத்துவமனை மாதிரி இருந்தது. உள்ளே நுழைந்ததும் குளோரின் நெடி. சுவர் ஓரமெங்கும் தண்ணீர்ப் புட்டிகள். கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், நீச்சல் குளத்துத் தண்ணீர், யாரோ சந்தேகப்பட்டுக் கொண்டுவந்து வைத்த மாடித் தொட்டித் தண்ணீர். ஒவ்வொரு புட்டியின் கழுத்திலும் ஒரு சீட்டு. புட்டிகளுக்கு நடுவில் ஒரு மேஜை, அதன் பின்னால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு பெண்மணி. அவர்தான் பொறுப்பாளர்.

மகள் தான் யார் என்று சொன்னாள். பொறுப்பாளர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“உக்காரும்மா. தண்ணி குடிக்கிறியா?”

“வேண்டாம் மேடம்.”

“எப்ப விட்டாங்க?”

“இப்பதான் மேடம். மத்தியானமே விட்டாச்சு.”

“மறுபடி போகணுமா?”

“அஞ்சு மணிக்குப் போயிடணும் மேடம்.”

“ஓ, அப்படிப் பண்றாங்களா” என்றார் பொறுப்பாளர். அவருக்குச் சட்டம் அவ்வளவு தெரியாது. “உள்ள எப்படி, உன்னை நல்லா நடத்தறாங்களா?”

“யாரு மேடம்?”

“உள்ள இருக்கறவங்க.”

“உள்ள நான் மட்டும்தான் மேடம் இருப்பேன்.”

“தனியாவா போட்டிருக்காங்க?” பொறுப்பாளரின் முகம் வாடிவிட்டது. “இத பாரும்மா, நீ என்ன கெமிக்கலைக் கடத்தினியோ, யாருக்குக் கொடுத்தியோ, எனக்குத் தெரிய வேண்டாம். சின்ன வயசு. யாரோ சொல்லிக் கொடுத்து மாட்டி விட்டிருப்பாங்க. ஆனா இங்க ஆசிட் எல்லாம் திறந்து கிடக்குது. ஜாமீன்ல இருக்கற ஒருத்தரை எடுத்தா மேலிடத்துல என்னைக் கேப்பாங்க.”

மகளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ஜாமீன் என்ற வார்த்தை வந்து விழுந்த பிறகு, நேற்றிலிருந்து நடந்தது ஒவ்வொன்றாக அவளுக்குள் இடம் மாறி உட்கார்ந்தது. காது மடல் சுட்டது.

“மேடம், நான் வீட்டுலதான் இருக்கேன். உள்ளன்னா என் ரூம். படிக்கிறேன் மேடம். எங்க வீட்டுல அப்படித்தான் சொல்லுவோம்.”

பொறுப்பாளர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் சிரித்தார். மகளும் சிரித்தாள், மரியாதைக்கு. பிறகு அவர் சிரிப்பு தானாகவே நின்றது.

“ஒண்ணு சொல்லட்டுமா? உங்கம்மா சொன்ன வார்த்தைகள்ல குழப்பம் வந்தது சரி. ஆனா எனக்கு ஒரு இடத்துலகூடச் சந்தேகம் வரலம்மா. அந்தக் குரலைக் கேட்டா யாருக்கும் வராது. மகளை உள்ள போட்டுட்டு வெளிய உக்காந்திருக்கற அம்மா அப்படித்தான் பேசுவாங்க.”

மகள் பக்கத்துப் புட்டியின் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

“சரி, அது கிடக்கட்டும். செய்முறையில ஏன் போச்சு?”

“தெரியல மேடம். எல்லாம் மனப்பாடமாத் தெரியும்.”

பொறுப்பாளர் ஒரு குடுவையில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, இரண்டு சொட்டு நிறங்காட்டியை விட்டு, நீளக் கண்ணாடிக் குழாயின் அடியில் வைத்தார். தண்ணீரில் அமிலம் எவ்வளவு என்று பார்க்கிற சோதனை. மேலிருந்து காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தண்ணீர் லேசான ரோஜா நிறத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

மகள் செய்முறையை ஒப்பித்தபடியே குழாயைத் திறந்தாள். நிறம் வந்தது. சரியாக வந்ததா என்று உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு சொட்டு விட்டாள். அதற்கும் உறுதிக்காக இன்னொன்று. குடுவை சாயப்பட்டறை மாதிரி ஆகிவிட்டது.

“எங்க நிறுத்தணும்னு புத்தகத்துல இருக்கா?”

“இருக்கு மேடம். மங்கலான ரோஜா நிறத்துல.”

“உன் கைக்கு அது தெரியல. உக்காந்து படிக்கிறதால இது வராது. பத்துப் பதினஞ்சு குடுவையைக் கெடுக்கணும், அப்புறம் வரும். இங்க கெடுக்கலாம். தண்ணிதானே.” பொறுப்பாளர் குடுவையைக் கழுவக் கவிழ்த்தார். “வேலை சாயந்திரம் அஞ்சுலருந்து ஏழு. சரிதானே?”

சரிதான். அந்த ஐந்துதான் சரியில்லை.

“இன்னொரு விஷயம். உங்கப்பாவுக்குத் தெரியுமா?”

மகள் மேஜையைப் பார்த்தாள்.

“எனக்கு அவர் வாயால ஒரு வார்த்தை வேணும். போன வருஷம் ஒரு பொண்ணு வீட்டுக்குச் சொல்லாம வந்து, தேடிக்கிட்டு வந்த ஆளுங்க இங்க ரெண்டு புட்டியை உடைச்சுட்டுப் போனாங்க. இன்னிக்கு ஆறு மணிக்கு நான் போன் பண்றேன். அவர் சரின்னா நாளைக்கு நீ வா. இல்லன்னா இன்னொரு பொண்ணு கேட்டிருக்கு, அதைக் கூப்பிட்டுப்பேன். நான் கெடு வைக்கிறேன்னு நினைக்காதே. நாளைக்கு எனக்கு ஆள் வேணும்.”

*

ரயில் நிலையத்தில் அறிவிப்பு அறை இரண்டாம் நடைமேடைக்கு மேலே இருந்தது. மூன்று பக்கம் கண்ணாடி. நடுவில் ஒரு மைக், ஒரு திரை, ஒரு சுழல் நாற்காலி. அம்மா மைக்கை அணைத்துவிட்டுத் திரும்பியபோது மகள் நின்றிருந்தாள்.

“என்னாச்சு?”

மகள் சொன்னாள். ஜாமீன் வரைக்கும் வந்தபோது அம்மா சிரித்துச் சிரித்து நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கெமிக்கல்னு வேற சொன்னேன்டி நான்” என்று அதற்கும் ஒரு தடவை சிரித்தாள்.

“அவங்களுக்குச் சந்தேகமே வரலையாம்மா.”

“எப்படி வரும், நான்தான் பொருத்தமாச் சொல்லியிருக்கேனே.”

“வார்த்தைக்காக இல்லையாம். உன் குரலைக் கேட்டாங்களாம்.”

அம்மா சிரிப்பதை நிறுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அது குறைந்தது. பிறகு திரையைப் பார்த்தாள். ஒரு வண்டி வரவேண்டியிருந்தது.

“என் குரலா?”

“மகளை உள்ள போட்டுட்டு உக்காந்திருக்கற அம்மா குரல்னாங்க.”

அம்மா மைக்கைப் போட்டாள். பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று தொடங்கினாள். கீழே நடைமேடையில் நின்றவர்கள் தலையைத் தூக்கி ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். ஏதோ ரகசியம் சொல்கிற மாதிரி இருந்தது. ஒரு பெரியவர் காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்தார். வண்டி எண்ணும் நடைமேடையும் யார் காதிலும் ஏறவில்லை.

அம்மா நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி ஆரம்பத்திலிருந்து, முழுக் குரலில் சொன்னாள். இத்தனை வருஷத்தில் காதில் விழவில்லை என்று ஒரு அறிவிப்பை அவள் மறுபடி சொல்ல நேர்ந்தது அன்றைக்குத்தான். அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் மைக் இருந்ததால் அழவில்லை.

“ஆறு மணிக்கா பண்ணுவாங்க?”

“ஆமா.”

“சரி, என் ஷிஃப்ட் முடியட்டும். சேர்ந்தே போவோம்.”

*

அதே நேரம் தொழிற்சாலையில் அப்பா காலர் தைக்கும் ஒரு பெண்ணின் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் கையில் கடிகாரத்தை எடுத்ததும் அந்தப் பெண்ணின் கை நிதானப்பட்டது. வேகமாகத் தைத்துக் காட்டினால் அந்த வேகமே அளவாகிவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அதனால் அவர் அடுத்த மெஷினைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டு, ஓரக்கண்ணால் இவளை அளந்தார்.

புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளரிடம் பிறகு சொன்னார்: “பக்கத்துல நின்னு பாத்தா கை பொய் சொல்லும். அவங்களைக் குத்தம் சொல்லக் கூடாது. நாம நிக்கிற இடம் தப்பு.”

இந்த ஞானத்தை அவர் ஒருநாளும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. தொழிற்சாலை வாசலிலேயே அடையாள அட்டையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்.

*

ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் மூவரும் வீட்டில் இருந்தார்கள். மகள் அறைக்குப் போகவில்லை. கூடத்து நாற்காலியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

“உள்ள போகலையா?” என்றார், குரலைத் தாழ்த்தி. அவர் குரல் தானாகவே தாழ்ந்துவிடும்.

“அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

சொன்னாள். மனுப் போட்டதை, போன் வந்ததை, ஜாமீனை, குடுவையை, ஆறு மணியை. எதையும் விடவில்லை. அப்பா ஜாமீனுக்குச் சிரிப்பார் என்று அம்மா எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

“எனக்குத் தெரியாமதான் மனுப் போட்டியா?”

“சொன்னா விடமாட்டீங்கன்னு போட்டேன். தப்புதான்.”

“சரி. செய்முறையில போச்சு. அதுக்குப் படிக்கிற நேரத்துல ரெண்டு மணி நேரத்தை எடுத்து வேற இடத்துல கொடுக்கணுங்கிறே. கணக்கு எனக்கு உதைக்குதே பாப்பா.”

“நான் உள்ள இருக்கற நேரமெல்லாம் படிக்கிறேன்னு நினைச்சீங்களா?”

“பின்ன?”

மகள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். “அன்னன்னிக்குப் பாடம் கொஞ்ச நேரத்துல முடிஞ்சிடும்பா. பரீட்சை வந்தா கூட ஆகும், அப்ப நானே உக்காருவேன். முதல் மாசம் ஒருநாள் முடிஞ்சதும் வெளிய வந்தேன். ஞாபகம் இருக்கா? அதுக்குள்ளயான்னு கேட்டீங்க.”

“கேட்டேன்.”

“திரும்பிப் போயிட்டேன். அதுக்கப்புறம் முடிஞ்சாலும் வர்றதில்ல. நீங்க கூடத்துல விரல் நுனியில நடப்பீங்க. தட்டு ஒவ்வொண்ணாத் துணி மேல வைப்பீங்க. உங்களுக்குப் பிடிச்ச மேட்ச்சைச் சத்தமில்லாம வெறும் படமாப் பாப்பீங்க. எல்லாம் எனக்குக் கேக்கும்பா. சத்தம் போடாம இருக்கறதுகூடக் கேக்கும். நான் சீக்கிரம் வெளிய வந்துட்டா இதெல்லாம் வீணாப் போயிடுமேன்னு அப்படியே உக்காந்திருப்பேன்.”

அப்பாவுக்கு வலித்தது. மகள் படிக்காமல் உட்கார்ந்திருந்தது வலிக்கவில்லை. தனக்காக உட்கார்ந்திருந்தாள் என்பது வலித்தது. அதைச் சொல்லத் தெரியாமல் வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தம்மா அப்படி நினைக்கிற அளவுக்கு நீ என்ன சொன்னே?” என்று அம்மாவிடம் திரும்பினார். “சொன்னபடியே சொல்லு பாப்போம்.”

“எதுக்குங்க இப்ப?”

“சொல்லேன்.”

அம்மா எழுந்து சமையலறை மூலைக்குப் போனாள். நேற்று நின்ற அதே இடத்தில் நின்றாள். போன் இல்லாமலே கையைக் காதில் வைத்து, மறு கையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

“உள்ள இருக்கா மேடம். அவங்க அப்பாதான் போட்டாரு. வேற வழி தெரியல அவருக்கு.”

அப்பா சமையலறை வாசற்படியில் நின்று கேட்டார். அவர் தினமும் கேட்கிற குரல்தான். ஊரார் காதால் அவர் அதைக் கேட்டது இன்றைக்குத்தான்.

“இப்படியேவா பேசினே?”

“இந்த வீட்டுல வேற எப்படிங்க பேசறது?”

கோபமாகச் சொல்லவில்லை. நிலையத்தில் ஒருவர் நடைமேடை கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள். அப்பா கூடத்துக்குத் திரும்பி வந்தார். “கெடுதல் பண்ணணும்னு நினைக்கலை” என்றார்.

“தெரியும்பா” என்றாள் மகள்.

“அந்தப் பொண்ணு வேலையை எடுத்துக்கிட்டா உனக்கு வேற இடம் கிடைக்காதா?”

“தெரியலப்பா. கிடைக்கலாம். ஆனா செய்முறை மறுதேர்வு அதுக்கு முன்னாடி வந்துடும். அதுல போனா ஒரு வருஷம் போயிடும்.”

அப்பா தலையாட்டினார். சரி என்கிற ஆட்டலா, கேட்டுக்கொண்டேன் என்கிற ஆட்டலா என்று இரண்டு பேருக்கும் புரியவில்லை. அவர் கழுத்திலிருந்து ஸ்டாப்வாட்சைக் கழற்றினார். அதை எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து அணைத்து அதையும் பக்கத்தில் வைத்தார். பிறகு மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

“என்னம்மா பண்றாரு?” என்று கேட்டாள் மகள், மெதுவாக.

“தெரியல. நீ சத்தமாப் பேசு. அவருக்குக் கேக்கட்டும்.”

சத்தமாகப் பேச என்ன இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அம்மா தட்டுகளை எடுத்து அலமாரியில் வைத்தாள், துணி விரிக்காமல். அவை இடித்துக்கொண்டன. மகள் தொலைக்காட்சியைப் போட்டு ஒலியைக் கூட்டினாள். யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வேளையில் அந்தக் கூடத்தில் ஒரு அந்நியர் வாய்விட்டுப் பேசுவது விநோதமாக இருந்தது. மகள் அடிக்கடி கதவைப் பார்த்தாள். உள்ளே இருக்கிறவரைப் பற்றி வெளியே இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. பசிக்குமோ, வெளிச்சம் போதுமோ என்றுதான் முதலில் நினைப்பு வந்தது.

ஆறு மணிக்கு அம்மாவின் போன் அடித்தது.

அம்மா எடுத்தாள். சமையலறை மூலைக்குப் போகவில்லை. தொலைக்காட்சியின் வாயை மட்டும் அடைத்துவிட்டுக் கூடத்தின் நடுவில் நின்று பேசினாள்.

“வணக்கம் மேடம். சொல்லுங்க.”

எதிர்முனையில் பொறுப்பாளர் ஒரு நொடி தடுமாறினார். “பொண்ணோட அம்மாதானே பேசறது?”

“நானேதான் மேடம்.”

“குரல் வேற மாதிரி இருக்கே. சரி, பொண்ணோட அப்பா இருக்காரா? ஒரு வார்த்தை கேக்கணும்.”

அம்மா சாத்திய கதவைப் பார்த்தாள்.

“உள்ள இருக்காரு மேடம்.”

பொறுப்பாளர் சிரித்துவிட்டார். “அவர் எதுல மாட்டினாரு?”

“எங்ககிட்டதான்.”

“எப்ப வெளிய வருவாரு?”

“தெரியலைங்க. இந்தத் தடவ கதவை அவரேதான் சாத்திக்கிட்டாரு.”

“எனக்கு இன்னொரு பொண்ணுக்குச் சொல்லணுமேம்மா. காத்திருக்குது.”

“ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க மேடம்.”

மகள் எழுந்தாள். அந்தக் கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். சாத்திய நிலையில் அதன் வெளிப்பக்கத்தை இவ்வளவு அருகில் அவள் பார்த்ததில்லை. கைப்பிடிக்கு மேலே சாயம் உரிந்திருந்தது. உள்ளே யாராவது இருக்கும்போது அந்தக் கதவை யாரும் தட்டக் கூடாது என்பதுதான் அந்த வீட்டின் முதல் சட்டம்.

மகள் தட்டினாள்.